இருக்குமிடம் சொல்லும் செய்தி

"பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது முன்னோர் வாக்கு. கைப்பேசிக்கும் அது பொருந்தும் என்பதை என் அக்காவின் அனுபவத்தால் அறிந்தேன்.

அக்கா சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். இரவு ஷிப்ட் முடிந்து அவர் விடுதி சேரும்வரை ஊரிலுள்ள அம்மாவுக்கு உறக்கம் வராது. ஆகவே வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' அனுப்ப நானே கற்றுக்கொடுத்தேன். ஒருநாள் அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதை, கைதவறி உறவினர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். "விடியற்காலையில் பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் என்ன வேலை?" என்று தூரத்து உறவினர் ஒருவர் கேட்டார். அக்கா அங்கே தேநீர் அருந்தினார், அவ்வளவே. அதன்பின் பல நாட்கள் அவர் அந்தக் கடைப்பக்கமே போகவில்லை.

நண்பர்களே, செய்தியோடு நம் இடம் எவ்வாறு வெளிப்படுகிறது?

வெறும் எழுத்துச் செய்தி, பெறுபவருக்கு நம் இடத்தைக் காட்டாது. ஆனால் கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பு கொண்டுள்ளது என்பதைத் தொலைபேசி நிறுவனம் அறியும். ஜி.பி.எஸ்ஸை நிறுத்தினாலும் இது மாறாது.

'லைவ் லொகேஷன்' 15 நிமிடம், 1 மணி, 8 மணி என மூன்று கால அளவுகளில் கிடைக்கிறது. 8 மணி என்பது ஒரு முழு ஷிப்ட்! செயலியை மூடினாலும் அது நிற்பதில்லை. நாமே நிறுத்த வேண்டும், அல்லது காலம் முடிய வேண்டும்.

புகைப்படமும் இடம் சொல்லும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்திற்குள் பதிவாகும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அவையும் உடன் செல்லும். அந்த அனுமதியை விலக்கிவிடுவதே நலம்.

"தவறு செய்யாதவர் ஏன் மறைக்க வேண்டும்?" என்பர் சிலர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஜாமீனில் வந்தவர்கூடத் தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தின் வழியே விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கலாகாது என்று 2024 ஜூலை 8 அன்று அதே நீதிமன்றம் கூறியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே உள்ள உரிமை, உழைத்துத் திரும்பும் பெண்ணுக்கு இல்லையா?

ஆபத்தில் இடத்தைத் தெரிவிப்பது கடமை. மற்ற வேளைகளில் யாருக்கு, எவ்வளவு நேரம் என்று எண்ணி அனுப்புவோம். இன்று அக்கா அம்மாவுக்கு மட்டும், ஒரு மணி நேரத்திற்கு மட்டும் அனுப்புகிறார். தேநீரையும் நிம்மதியாக அருந்துகிறார்.