கரை ஒதுங்கிய கடற்பறவை

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை வள்ளல் என்று போற்றுகிறோம். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று நகைப்பாரும் உளர். பறவை மருத்துவம் அறிந்தோர் நகைக்கமாட்டார். நலிவுற்ற பறவைக்குச் செய்யவேண்டிய முதல் உதவி, அதன் உடற்சூட்டைக் காப்பதேயாகும்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பண்டு ஆய் மன்னர்களின் துறைமுகமாய் விளங்கிய விழிஞ்ஞம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மூர்க்கமாக வீசும் ஆனி, ஆடித் திங்கள்களில், நடுக்கடலில் திரியும் ஆலா முதலிய பறவைகள் இரை தேட இயலாமல் களைத்துக் கேரளக் கரையில் ஒதுங்குவதுண்டு. விழிஞ்ஞத்து மணலில் அவ்வாறு கிடந்த ஓர் ஆலாவுக்குச் சிறுவர் சிலர் நீர் புகட்ட முயன்றதை நான் கண்டேன். முதிய மீனவர் ஒருவர் அவர்களைத் தடுத்து, தம் தோள் துண்டை அதன்மேல் போர்த்தினார். பிள்ளைகள் நெஞ்சில் ஈரமுள்ளவர்கள்தாம். ஆயினும் பெரியவர் செய்ததே சரி. ஏன்?

பறவையின் மூச்சுக்குழல் நாவின் அடியிலேயே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். சோறும் பாலும் கடற்பறவைக்கு உணவல்ல. பட்டினியால் மெலிந்த உடல் முழு மீனைக்கூட உடனே செரிக்காது. ஆதலின் அதனைத் துணியால் மூடிப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்து, வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். அதனை நாமே வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

மருத்துவர் முதலில் சூடு, அடுத்து நீர், அதன்பின் உணவு என்ற வரிசையில் பறவையைத் தேற்றுவார். சிறகெலும்பு முறிந்திருந்தால் சிறகை உடலோடு சேர்த்துக் கட்டுவார். பறவையின் எலும்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் கூடிவிடும். கட்டு அதற்குமேல் நீடித்தால் மூட்டு இறுகி, பறக்கும் ஆற்றலே போய்விடும்.

இறகையும் காக்கவேண்டும். இறகின் நுண்ணிழைகள் கொக்கிபோல் ஒன்றோடொன்று பின்னி நீரைத் தடுக்கின்றன. எண்ணெய் பட்டால் அப்பின்னல் குலைகிறது. நீர் தோலைத் தொட, பறவை குளிரில் விறைத்து மடிகிறது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 2025 மே 25ஆம் நாள் மூழ்கியது நினைவிருக்கும். இத்தகைய விபத்தின்போது மனிதர் என்ன செய்யக்கூடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. 2000 ஜூனில் கேப்டவுன் அருகே ‘ட்ரெஷர்’ என்ற கப்பல் மூழ்கியபோது, எண்ணெயில் தோய்ந்த ஏறத்தாழ 19,000 பென்குவின்களைத் தொண்டர்கள் கழுவித் தேற்றினர். அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு மீண்டும் கடல் சேர்ந்தன.

விடுதலைக்கு முன் பறவைக்குத் தேர்வுகள் உண்டு. எடை தேறியிருக்கவேண்டும், இறகில் நீர் ஒட்டாமல் உருளவேண்டும், சிறகு தடையின்றி அடிக்கவேண்டும். யாவற்றுக்கும் மேலாக, அது நம்மைக் கண்டு அஞ்சவேண்டும். ஆகவே தேற்றுங்காலத்தில் தடவுவதும், கொஞ்சுவதும், பெயரிட்டழைப்பதும் ஆகா. மனிதனை நம்பப் பழகிய பறவை அடுத்த வலையிலோ வேட்டைநாயின் வாயிலோ சிக்கும்.

நண்பர்களே, நலம் பெற்ற பறவை நமக்கு நன்றி கூறாது, திரும்பியும் பாராது. அதுவே நம் தொண்டு நிறைவேறியதன் அடையாளம். பருவமழை நாளில் கடற்கரைக்குச் செல்லும் நம் சங்கத்தவர் ஒரு துண்டையும் வனத்துறையின் தொலைபேசி எண்ணையும் உடன் கொண்டு செல்வாராக!