மதியத் தூக்கம்: எவ்வளவு, எப்போது, எதற்காக?

சென்னையில் குறைந்த வருமானத்தில் வாழும் 452 பேரின் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, அவர்கள் இரவில் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் அளந்தார்கள். படுக்கையில் 8 மணி நேரம் கிடந்தாலும் அவர்கள் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, தெருச் சத்தம் என்று ஏதாவது ஒன்று விட்டுவிட்டு எழுப்பிக்கொண்டே இருந்தது. இவர்களுக்குக் கணினியில் தகவல்களைப் பதிவுசெய்யும் வேலை தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மெத்தை, கண்மறைப்பு, காதடைப்பான் போன்றவற்றைக் கொடுத்து, இரவில் கூடுதலாகத் தூங்கும்படி ஊக்கப்படுத்தினார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறன், கவனம், மனநிலை எதிலும் அளக்கத்தக்க மாற்றம் தெரியவில்லை. இன்னொரு பிரிவினருக்கு வேலைசெய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுத்துக்கொள்ள வசதி செய்யப்பட்டது. இவர்களிடம் வேலைத்திறன், கவனம், மனநலம் மூன்றும் மேம்பட்டன. 2021இல் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ இதழில் வெளியான இந்த முடிவை, முன்கணிப்புக் கேட்கப்பட்ட நிபுணர்கள்கூட எதிர்பார்க்கவில்லை.

மதியத் தூக்கம் நல்லதா, கெட்டதா என்று கேட்டால் ‘ஆளைப் பொறுத்தது’ என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால், இதுவரை வந்துள்ள ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதைவிடத் தெளிவான விடை கிடைக்கிறது. நாமே நேரம் குறித்துப் போடும் குட்டித் தூக்கம் நன்மை செய்கிறது. நம்மை மீறி வந்து, மணிக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும் தூக்கமோ பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு குறையின் அறிகுறி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், மதியத் தூக்கம் இதயத்துக்கு நல்லது என்று ஒரு நாளும், ஆயுளைக் குறைக்கும் என்று மறுநாளும் செய்தி படிக்க நேர்கிறது.

சாப்பாடு மட்டும் காரணமில்லை

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால், அதிலும் சோறு போன்ற மாவுச்சத்து மிகுந்த உணவு என்றால், கண் சொக்குவது உண்மைதான். ஆனால், மதியம் சாப்பிடாதவர்களுக்கும் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் இந்தச் சோர்வு வருகிறது. உடலில் இரண்டு ஏற்பாடுகள் ஒரே நேரத்தில் இயங்குவதே இதற்குக் காரணம் என்று சுவிட்சர்லாந்தின் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் முன்வைத்த கோட்பாடு விளக்குகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற பொருள்கள் சேர்ந்து, தூக்கத்துக்கான அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகின்றன. மறுபுறம், 24 மணி நேரச் சுழற்சியில் இயங்கும் உடல் கடிகாரம் நம்மை விழிப்பாக வைத்திருக்க முயல்கிறது. காலையிலிருந்து அழுத்தம் ஓரளவு ஏறிவிட்ட பிற்பகலில், கடிகாரம் தரும் விழிப்பு முழு வேகம் எடுப்பதற்கு முன்னால், சிறிது நேரம் தூக்கத்தின் கை ஓங்குகிறது. சாலை விபத்துகளிலும் இதன் தடயம் உண்டு. ஓட்டுநர் கண்ணயர்வதால் நேரும் விபத்துகள் விடியற்காலையில் மிக அதிகமாகவும், அதற்கடுத்துப் பிற்பகல் 4 மணியை ஒட்டியும் உச்சம் தொடுவதாக, பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ன், ரெய்னர் இருவரும் 1995இல் காட்டினார்கள். ஆக, மதியச் சோர்வைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பொருளில்லை. அதை எப்படிக் கையாள்வது என்பதுதான் கேள்வி.

பத்து நிமிடம் போதுமா?

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தது ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம். முந்தைய இரவு 5 மணி நேரம் மட்டுமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களை மதியம் 5, 10, 20, 30 நிமிடங்கள் என வெவ்வேறு நாள்களில் தூங்கவைத்து எழுப்பினார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, 5 நிமிடத் தூக்கத்தால் பெரிய பலனில்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே தெளிவாக இருந்தார்கள். அந்தத் தெளிவு இரண்டரை மணி நேரம் வரை நீடித்தது. 30 நிமிடம் தூங்கியவர்களோ எழுந்ததும் சிறிது நேரம் மந்தமாக இருந்தார்கள், பலன் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஏறக்குறைய அரை மணி நேரத்தைத் தாண்டும்போது மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் எழுப்பினால் தலை கனத்து, எந்த நாள், எந்த வேளை என்றே பிடிபடாத தடுமாற்றம் ஏற்படுகிறது. மதியம் தூங்கினால் தலைவலிதான் மிச்சம் என்று புலம்புபவர்களில் பலர் உண்மையில் தேவைக்கு மேல் தூங்கியவர்கள்.

விமானத்தில் நடந்த சோதனை இதைவிடக் கடுமையானது. பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில், விமானிகள் முறைவைத்து, மற்றவர்கள் விமானத்தைப் பார்த்துக்கொள்ள, தம் இருக்கையிலேயே 40 நிமிடம் ஓய்வெடுக்க நாசா ஏற்பாடு செய்தது. அவர்கள் தூங்கியது சராசரியாக 26 நிமிடம். செயல்திறன் 34 சதவீதமும் விழிப்புநிலை 54 சதவீதமும் மேம்பட்டதாக அறிக்கை சொன்னது. ஓய்வு கிடைக்காத குழுவினருக்கு, விமானம் தரையிறங்கும் கடைசி அரை மணி நேரத்தில்கூட, தம்மையறியாமல் சில விநாடிகள் விழிப்புத் தவறியது கருவிகளில் பதிவானது. தூங்கி எழுந்தவர்களுக்கு அந்த நேரத்தில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. நெடுஞ்சாலையில் லாரியோ வேனோ ஓட்டுபவருக்கு இதிலுள்ள பாடம் எளிது: கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை உரக்க வைத்துச் சமாளிப்பதைவிட, வண்டியை ஓரங்கட்டி ஒரு காபி குடித்துவிட்டுக் கால் மணி நேரம் கண்ணயர்வது பாதுகாப்பானது. அடினோசினின் வேலையைத் தடுக்கும் காஃபீன் உடலில் முழுதாக இறங்க எப்படியும் 20, 30 நிமிடம் ஆகும். அதற்குள் தூக்கமும் முடிந்துவிடும்.

நீண்ட தூக்கத்தால் எந்தப் பயனும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 60 முதல் 90 நிமிடம் வரை தூங்கினால், புதிதாகக் கற்றது மனத்தில் பதிய உதவுகிறது என்று தூக்க ஆய்வாளர் சாரா மெட்னிக் குழுவினர் 2003இல் காட்டினார்கள். இரவுப் பணிக்குப் போகிறவர், பச்சிளங்குழந்தையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்த தாய் போன்றவர்களுக்கு இந்த நீண்ட தூக்கம் அவசியத் தேவை. ஆனால், இரவு வழக்கம்போலத் தூங்கும் ஒருவர் அன்றாடம் ஒன்றரை மணி நேரம் மதியம் தூங்குவது வேறு கதை.

நோய்க்குக் காரணமா, நோயின் அறிகுறியா?

மதியத் தூக்கத்துக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் நோய்ப் புள்ளிவிவரங்களிலிருந்து வருகிறது. கிரேக்கத்தில் 23,681 பேரைச் சராசரியாக 6 ஆண்டுகளுக்கு மேல் கவனித்த ஆய்வு, வாரத்தில் பல நாள்கள் மதியம் தூங்குபவர்களிடையே இதய நோயால் நேரும் மரணம் 37 சதவீதம் குறைவு என்று 2007இல் சொன்னது. வேலைக்குப் போகும் ஆண்களிடம் இந்தத் தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது. இதற்கு மாறாக, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்த்தபோது, தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்குபவர்களுக்கு இதய நோய், நீரிழிவு ஆகிய இரண்டின் அபாயமும் கூடுதலாக இருந்தது. அதற்குக் குறைவாகத் தூங்கியவர்களிடம் அப்படித் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு பாதி கரைந்துவிடுகிறது. வேறுபாடு நேரத்தின் அளவில் இருக்கிறது.

மீதிப் பாதியைத் தீர்க்க, எது முதலில் வந்தது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் முதியோர் 1,401 பேரை 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வு இதற்கு உதவுகிறது. நினைவாற்றல் சீராக இருந்தவர்களின் பகல் தூக்கம் வயது ஏற ஏற ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூடியது. நினைவு லேசாக மங்கத் தொடங்கியபின் அந்த வேகம் இரண்டு மடங்கானது. அல்சைமர் என்னும் மறதிநோய் உறுதியானபின் அதுவும் ஏறக்குறைய மும்மடங்காகி, ஆண்டுக்கு 68 நிமிடத்தைத் தொட்டது. அதே ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் தூங்கியவர்களுக்கு அல்சைமர் வரும் அபாயம் 40 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. நோய் தூக்கத்தைக் கூட்டுகிறது, கூடும் தூக்கம் நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. குறட்டையோடு மூச்சு அடைபடும் தூக்கக் கோளாறு, ரத்தச்சோகை, தைராய்டுக் குறைபாடு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, மனச்சோர்வு, சளிக்கும் அலர்ஜிக்கும் எடுக்கும் மாத்திரைகள் எல்லாமே பகலில் ஆளை அசத்தக்கூடியவை. இவற்றை விட்டுவிட்டுத் தூக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், உண்மையான பிரச்சினை கவனிப்பாரற்றுப் போகும்.

அதற்காகப் பகல் தூக்கத்தை முற்றிலும் நிரபராதி என்று விடுவித்துவிடவும் முடியாது. பிரிட்டனில் 4,50,000க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, அடிக்கடி பகலில் தூங்கும் இயல்பு உயர் ரத்த அழுத்தத்துக்கும் இடுப்புச் சுற்றளவு கூடுவதற்கும் காரணமாகவும் இருக்கக்கூடும் என்றது. மரபணுக்கள் பிறப்பிலேயே அமைந்துவிடுவதால், ‘நோய்தான் தூக்கத்தைக் கொண்டுவந்தது’ என்ற சமாதானம் இங்கே அவ்வளவு எளிதாகச் செல்லாது. ஆனால், எத்தனை நிமிடம் தூங்கினார்கள் என்று அந்தத் தரவில் கேட்கப்படவில்லை. எனவே, ரத்த அழுத்தமும் எடையும் கூடுதலாக உள்ளவர்கள் மதியத் தூக்கத்தைக் குறுக்கிக்கொள்வது நல்லது என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் மருத்துவ மரபே பகல் தூக்கம் கூடாது என்கிறதே என்ற கேள்வியும் எழும். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி பகலில் தூங்குவதை விலக்குவது உண்மை. ஆனால், சரக சம்ஹிதை கோடைக்காலத்துக்கு விலக்கு அளிக்கிறது. முதியவர், குழந்தைகள், நெடுந்தொலைவு நடந்தோ சுமை தூக்கியோ களைத்தவர்கள் ஆகியோருக்கும் அனுமதி தருகிறது. உடல் பருத்தவர்களைத் தடுக்கிறது. யாருக்கு, எப்போது என்று பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறை, இன்றைய ஆய்வுகள் போகும் திசைக்கு நெருக்கமாகவே இருக்கிறது.

இரவுக் கணக்கில் கைவைக்காமல்

மதியத் தூக்கத்தின் நிச்சயமான தீமை ஒன்று உண்டு. இரவுக்காகச் சேர்ந்துகொண்டிருக்கும் தூக்க அழுத்தத்தை அது செலவழித்துவிடுகிறது. மாலை 4 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்தவர் இரவு 12 மணி வரை புரண்டுகொண்டிருப்பதும், மறுநாள் அதே அலுப்பில் மீண்டும் மதியம் சாய்வதும் இப்படித்தான் பழக்கமாகிறது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் நிறுத்தச் சொல்வது பகல் தூக்கத்தைத்தான். மற்றவர்கள் 3 மணிக்குள் முடித்துக்கொண்டு, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்வது போதுமானது. சாப்பிட்ட கையோடு மல்லாந்து படுத்தால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தொல்லை; சாய்வு நாற்காலி அவர்களுக்கு ஏற்றது. போதுமான இரவுத் தூக்கம் இருந்தும் தினமும் மதியம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருக்க முடியவில்லை என்றாலோ, அண்மையில் அந்த நேரம் கூடிக்கொண்டே வருகிறது என்றாலோ மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கடைசியாக எழும் எதிர்ப்பு பணத்தைப் பற்றியது. சென்னை ஆய்விலேயே இதற்கு இடமிருக்கிறது. தூங்கியவர்களை, அதே நேரத்தைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்களின் வேலையும் வருமானமும் கூடுதல். இடைவேளையே இல்லாமல் வேலைபார்த்தவர்களோடு ஒப்பிட்டாலோ, தூங்கியவர்களின் வருமானம் சுமார் 8 சதவீதம் குறைவு. இழந்த அரை மணி நேரத்தைக் கூடிய வேகம் முழுதாக ஈடுகட்டவில்லை. மதியம் தூங்கவிட்டால் நிறுவனத்துக்கு லாபம் கொட்டும் என்று பேசுபவர்கள் இதைச் சொல்வதில்லை. 2022இல் பெங்களூருவில் வேக்ஃபிட் நிறுவனம் ஊழியர்களுக்கு மதியம் 2 மணி முதல் அரை மணி நேரத் தூக்க இடைவேளை அறிவித்தபோது பரவலாகப் பாராட்டு கிடைத்தது. அது மெத்தை விற்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனால் எந்த ஊழியரும் இடைவேளையே இல்லாமல் வேலைபார்க்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. கேரளத்தில் கடும் கோடையில் வெயிலில் வேலைசெய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்கும்படி தொழிலாளர் துறை ஆணையிடுகிறது. நேரம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. தலைசாய்க்க இடம்தான் இல்லை. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. இடைவேளை எப்படியும் உண்டு என்றாகிவிட்டால், ஒப்பிட வேண்டியது தூக்கத்தையும் வேலையையும் அல்ல. தூக்கத்தையும் சும்மா கழியும் இடைவேளையையும். அந்த ஒப்பீட்டில் தூக்கமே வென்றது. இரவில் நிம்மதியாகத் தூங்க வீட்டில் வழியில்லாத ஒரு தொழிலாளிக்கு, வேலையிடத்தில் காற்றோட்டமான ஓர் அறையும் ஒரு பாயும் தருவதற்கு ஆகும் செலவு சொற்பம். மதியத் தூக்கத்தின் நன்மை தீமைகளைப் பற்றி வசதியானவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, அந்தச் செலவை யார் ஏற்பது என்று பேசுவது இப்போது பயனுள்ள விவாதமாக இருக்கும்.