மறதி நோயாளியின் மாத்திரைக் கணக்கு

டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். கத்துகிறார்கள், அடிக்க வருகிறார்கள், இரவெல்லாம் உலாவுகிறார்கள் என்பதற்காக ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்தை அவர்களுக்குச் சுமார் 12 வாரம் கொடுத்தால் என்ன ஆகும்? 2009 நவம்பரில் பேராசிரியர் சுபே பானர்ஜி பிரிட்டன் அரசுக்கு அளித்த அறிக்கையில் இதற்குக் கணக்கு இருக்கிறது. மருந்தால் நடத்தை நன்றாகத் தேறுபவர்கள் 91 முதல் 200 பேர். மருந்தால் கூடுதலாக இறப்பவர்கள் 10 பேர். பக்கவாதம் போன்ற மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பு 18 பேருக்கு, அதில் பாதி கடுமையானது. நடை தடுமாறுபவர்கள் 58 முதல் 94 பேர்.

அப்போது அந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,80,000 டிமென்ஷியா நோயாளிகள் இந்த மருந்துகளை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரளவாவது பலன் பெற்றவர்கள் அதிகபட்சம் 36,000 பேர். கூடுதல் மரணங்கள் 1,800. அதாவது 20 பேர் தேற ஒரு உயிர். மீதி 1,44,000 பேர் பலன் எதுவும் காணாமல் ஆபத்தை மட்டும் சுமந்தார்கள். என்னைக் கலங்க வைப்பது இந்த எண்தான்.

ஆபத்து யாருக்கும் தெரியாமல் இருந்ததில்லை. 2005 ஏப்ரலிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட இம்மருந்து பெற்ற டிமென்ஷியா முதியவர்களுக்கு மரண ஆபத்து 1.6 முதல் 1.7 மடங்கு என்று எச்சரித்தது. பிரிட்டனில் ஏற்கெனவே இம்மருந்து எடுத்துவந்த 165 பேரில் பாதிப் பேருக்கு அதைத் தொடர்ந்தும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரைக்கு மாற்றியும் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள்: தொடர்ந்தவர்களில் 46%, மாற்றப்பட்டவர்களில் 71%. மூன்றாம் ஆண்டில் 30%, 59%.

பிறகு ஏன் கொடுத்தார்கள்? விற்றவர்களின் பங்கை முதலில் சொல்ல வேண்டும். எலி லில்லி நிறுவனத்தின் விற்பனையாளர்கள் முதியோர் இல்லங்களில் ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரையை "ஐந்து மணிக்கு ஐந்து" என்று சொல்லி விற்றார்கள்: மாலை 5 மணிக்கு 5 மில்லிகிராம், இரவு தொந்தரவு இருக்காது. 2009இல் அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 141.5 கோடி டாலர் கட்டியது. 2012இல் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்துக்காக அபாட் நிறுவனம் 150 கோடி டாலர், 2013இல் ரிஸ்பெரிடோன் உள்ளிட்ட மருந்துகளுக்காக ஜான்சன் அண்ட் ஜான்சன் 220 கோடி டாலருக்கு மேல். வேறு குற்றச்சாட்டுகளும் இத்தொகைகளில் அடக்கம். ஆனால் டிமென்ஷியா முதியவர்களுக்கு அனுமதியில்லாமல் விற்றது மூன்றிலும் இருக்கிறது.

இனி, கொந்தளிப்பைத் தணிக்கும் மலிவான வழியின் கணக்கு. நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் டிமென்ஷியா முற்றிய 352 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2011இல் வந்தது. ஒரு பிரிவினருக்கு 8 வாரம் வலிக்கு முறையான சிகிச்சை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது வெறும் பாராசிட்டமால், நாளொன்றுக்கு அதிகபட்சம் 3 கிராம். அவர்களின் கொந்தளிப்பு சராசரியாக 17% குறைந்தது. சிகிச்சையை நிறுத்தியதும் மீண்டும் ஏறியது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காத மூதாட்டி, உடை மாற்ற வரும் தாதியின் கையைத் தட்டிவிடுகிறார். சீட்டில் "முரட்டுத்தனம்" என்று எழுதப்படுகிறது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது கேளாமை, தனிமை எல்லாமே இப்படித்தான் வெளிப்படும்.

மனநோய் மருந்தைக் குறைக்க முடியும் என்பதற்கும் எண் இருக்கிறது. இங்கிலாந்தின் தேசியத் தணிக்கையில், இம்மருந்து பெற்ற டிமென்ஷியா நோயாளிகள் 2006இல் 17.05%, 2011இல் 6.8%.

அமெரிக்கக் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. முதியோர் இல்லங்களில் நெடுநாள் தங்குவோரில் இம்மருந்து பெற்றவர்கள் 23.9% என்று 2011 இறுதியில் இருந்தது, பத்தாண்டுக்குள் 15%க்குக் கீழே இறங்கியது. ஆனால் மனச்சிதைவு நோயாளிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். 2021இல் நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்தபோது, பொதுமக்களில் 150 பேரில் ஒருவருக்கு வரும் அந்த நோய், இல்லவாசிகளில் ஒன்பதில் ஒருவருக்கு இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. மாத்திரை குறையாமலே புள்ளிவிவரம் மட்டும் குறைந்த இடங்கள் உண்டு.

மற்ற மாத்திரைகளையும் எண்ண வேண்டும். நினைவுக்காக டோனெபெசில் தருகிறார்கள். அது சிலருக்குச் சிறுநீர் அவசரத்தை உண்டாக்கும். அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின் சேர்கிறது. முதல் மருந்து மூளையில் எந்த ரசாயனத்தைக் கூட்டுகிறதோ, அதன் வேலையை இரண்டாவது தடுக்கிறது. தூக்கத்துக்கு டயசபாம், சளிக்குக் குளோர்ஃபெனிரமின் என்று சேரச் சேரக் குழப்பமும் கூடும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4%, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். வலி இருக்கிறதா என்று பார்த்தீர்களா, இது எதற்கு, எப்போது குறைப்பீர்கள் என்று கேளுங்கள். மனநோய் மருந்தைக் குறைந்தது 6 வாரத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.