நாற்பதுக்கு முன்பே ஓய்வு

இந்தியத் தரைப்படையில் 2022க்கு முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவர் பதவி உயர்வு பெறாவிட்டால் 17 ஆண்டு சேவையோடு, நாற்பதைத் தொடுமுன்பே ஊர் திரும்பிவிடுவது வழக்கம். ஹவில்தார், சுபேதார் என்று உயர்ந்தவர்களுக்குச் சில ஆண்டுகள் கூடும். படை இளமையாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. பனிமலையில் மூட்டை சுமக்க ஐம்பது வயது உடம்பு ஒத்துழைக்காது. ஆனால் உடன் படித்து அரசு அலுவலகத்தில் சேர்ந்தவர் 60 வயது வரை சம்பளம் வாங்குவார். பட்டாளத்துக்காரருக்கோ, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதே பெயருக்கு முன்னால் 'முன்னாள்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

படையில் இருக்கும்வரை ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. எல்லைப் பகுதியில் இருந்தால் குடும்பத்தைக் கூட அழைத்துப்போக முடியாது. வீட்டுக் கணக்கு, பிள்ளைகள் படிப்பு, நிலத் தகராறு எல்லாம் மனைவி கையில்தான். கணவர் நிரந்தரமாகத் திரும்பும்போது வீடும் புதிதாகப் பழகவேண்டியிருக்கிறது. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

15 ஆண்டு சேவை முடித்தவருக்கு ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் உண்டு. முன்பு ஓய்வு பெற்றவருக்கும் பின்பு ஓய்வு பெற்றவருக்கும், பதவியும் சேவைக் காலமும் ஒன்றாயிருந்தும், தொகையில் பெரிய வித்தியாசம் இருந்தது. 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் வீரர்கள் போராட்டத்தில் அமர்ந்தது இதற்காகத்தான். அந்த ஆண்டே 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' அறிவிக்கப்பட்டு, 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். மருத்துவத்துக்கு 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம் இருக்கிறது. மிலிட்டரி கேண்டீன் கார்டைச் சொல்லவே வேண்டாம். உறவினர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

இத்தனை இருந்தும், பென்ஷனை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீத இடங்கள் முன்னாள் படைவீரர்களுக்கு. வயது வரம்பைப் பார்க்கும்போது சேவை ஆண்டுகளைக் கழித்துவிடுவார்கள். அதற்கு மேலும் 3 ஆண்டு சலுகை. 38 வயதுக்காரர் 17 ஆண்டு பணிபுரிந்திருந்தால் விதியின் கண்ணுக்கு 21 வயதுக்காரர்தான். தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உண்டு. டெக்ஸ்கோ என்ற அரசு நிறுவனம் மின்வாரியம் போன்ற இடங்களுக்குக் காவலர்களை அனுப்புகிறது. சிக்னல், வண்டிப் பராமரிப்பு என்று தொழில் கற்றவருக்கும் பெரும்பாலும் கிடைப்பது காவல் வேலையே என்பதுதான் குறை.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் சிப்பாயின் சேவையை 4 ஆண்டாகக் குறைத்தது. அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரே படையில் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியேறுவார்கள்; அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது.