ஒரு வெள்ளி வைத்தியம்: யாரும் சொல்லவில்லையே!

பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். விடிகாலைப் பெரட்டு. மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மாதத்தில் பத்து நாள் இதே கதை.

"சோம்பேறித்தனம், வேறென்ன?" என்றார் மண்டோர்.

"யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்றார் மாமியார்.

"புருசன் ரொம்ப எடங் குடுத்துட்டான்" என்றது லயம்.

அந்த அக்கா பத்தொன்பது வருடம் அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். மழை, வெயில் பாராதவர். கோயில் திருவிழா என்றால் சமையல் கொட்டகையில் முதல் ஆளாக நிற்பவர். அப்படிப்பட்டவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கமில்லை. பசியாற மனமில்லை. பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கி வந்தபோதுகூட முகத்தில் சிரிப்பில்லை. உடம்பெல்லாம் வலி, தலையில் பாரம். "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்று ஒருநாள் கணவரிடம் கேட்டிருக்கிறார்.

சென்ற ஆண்டு திருவிழாவில் அவர் பழையபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கதையைச் சொன்னார். "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம். நாலு பேருக்கு உதவட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

பணம் போன வழி

முதலில் போனது பரிகாரத்துக்கு. தாயத்து, எலுமிச்சம்பழம், பூசை என்று 600 வெள்ளி. அடுத்தது பட்டணத்துக் கிளினிக். ஐந்து தடவை, தடவைக்கு 60 வெள்ளி. தலைவலி என்று சொன்னதால் தலைவலி மாத்திரை. உடம்பு வலி என்று சொன்னதால் ஊசி. கூடவே சத்து மாத்திரை. பிறகு யாரோ சொல்லி, தனியார் மனநல நிபுணர். பார்க்க 280, மருந்துக்கு 150. ஆக மொத்தம் 1,330 வெள்ளி.

இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. அதில் முக்கால் பங்கு இப்படிப் போய்விட்டது!

இத்தனைக்கும் அந்த நிபுணர் கொடுத்த மருந்து சரியான மருந்துதான். ஆனால் அடுத்த மாதம் போகக் கையில் காசில்லை. இருந்த மாத்திரையை இழுத்துப் பிடிக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். பிறகு அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பி வந்தது, முன்னைவிடக் கடுமையாக.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க அரசாங்க மிஸ்ஸி வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்தார். இரண்டே கேள்வி கேட்டார்: "கடந்த ரெண்டு வாரமா மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாம இருக்கீங்களா? எதுலயும் நாட்டமே இல்லாம இருக்கா?"

அக்கா பதில் சொல்லவில்லை. அழுதுவிட்டார்.

மறுநாள் கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டர் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளை நிரப்பினார், இரத்தம் எடுத்தார். "இது கெமுருங்கான். மருந்து இருக்கு, குணமாகும்" என்றார். முகப்பில் கட்டிய கட்டணம் ஒரு வெள்ளி. மருந்தும் அதற்குள் அடக்கம்.

கணவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "ஒத்த வெள்ளிதானா? மொதல்லயே யாரும் சொல்லலையே, சார்!"

இது என்ன நோய்?

மனச்சோர்வு நோய் என்பது சோம்பலல்ல, பைத்தியமும் அல்ல. இனிப்பு நீர், இரத்த அழுத்தம் போல இதுவும் ஒரு நோய். சாவு வீட்டுத் துக்கம் நாளாக நாளாகக் குறையும். இது குறையாது. இரண்டு வாரத்துக்கு மேல், நாள் முழுக்க, தூக்கத்தையும் பசியையும் வேலையையும் கெடுத்துக்கொண்டு நிற்கும்.

இது நம் ஒருவர் வீட்டுச் சங்கதியும் அல்ல. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019-இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023-இல் 4.6 பேர். நாடு முழுவதும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர்!

நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. மனநோய் என்றாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க" என்பார்கள். 1911-இல் அங்கே திறக்கப்பட்ட மருத்துவமனையின் பெயரை வைத்து எத்தனை தலைமுறை கேலி பேசியிருக்கிறோம்! அந்தக் காலம் போய்விட்டது. இன்று மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலோருக்குப் படுக்கையே தேவையில்லை. கிளினிக்குக்குப் போய், மருந்து வாங்கிக்கொண்டு, அன்றே வீடு திரும்பலாம்.

மருந்து ஏன் மலிவு?

புளூஒக்செட்டின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1987 கடைசியில் அனுமதி கிடைத்தது. அப்போது ஒரே கம்பெனி வைத்ததுதான் விலை. அதன் காப்புரிமை அங்கே 2001-இல் தீர்ந்தது. செர்த்ராலின் என்ற மருந்துக்கு 2006-இல் தீர்ந்தது. அதன்பின் பல கம்பெனிகள் அதே மருந்தைச் செய்ய, விலை இறங்கியது. புளூஒக்செட்டின் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் செர்த்ராலின், எஸ்சிட்டாலோபிராம், புளூவொக்சமின் போன்றவை வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள். மலிவு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

நீல அடையாள அட்டை உள்ளவருக்குக் கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளி. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. குடியுரிமை இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டணம் பல மடங்கு. பக்கத்து லயத்தில் இருக்கும் அவர்களுக்கும் மனசு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது?

நம்மவர்கள் செய்யும் தவறு இதுதான். டாக்டர் கேட்டால் "சாகிட் கெபாலா, சாகிட் பாடான்" என்று மட்டும் சொல்வார்கள். பனடோல் கிடைக்கும், வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்படியல்ல. தூக்கம் இல்லை, சாப்பிட மனமில்லை, அழுகை வருகிறது, சாகத் தோன்றுகிறது என்று இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். "கெமுருங்கான்" என்ற ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பேச வராதவரோடு மகனோ மகளோ போகட்டும்.

நோய் லேசாக இருந்தால் மருந்தே வேண்டியிராது. ஆலோசனையும் உடற்பயிற்சியுமே போதும். முற்றியிருந்தால் மருந்து வேண்டும். மருந்து தொடங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை:

ஒன்று: மாத்திரை போட்ட அன்றே குணம் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

இரண்டு: முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு வரலாம். பெரும்பாலும் தானே போய்விடும். இளவயதுப் பிள்ளைகளிடம் படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால், உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூன்று: "சரியாப் போச்சு" என்று நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இது அடிமையாக்கும் மருந்தல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், நோயும் திரும்பும். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

நான்கு: சம்சு, பீர் எதுவும் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு வெள்ளியின் உண்மையான விலை

ஒரு வெள்ளிதானே, பிறகு ஏன் நம் மக்கள் போவதில்லை? இங்கேதான் கணக்கு இருக்கிறது.

தோட்டத்திலிருந்து பட்டணம் போகப் பஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக் காருக்கு எண்ணெய்க் காசு 40 வெள்ளி என்கிறார் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் போனால் திரும்ப மத்தியானம். வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. அது போயிற்று. ஆக, 5 வெள்ளி வைத்தியத்துக்கு 110 வெள்ளி செலவு! மாதா மாதம் இப்படி என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

இதைக் குறைக்க வழி இருக்கிறது. சட்டத்திலேயே இருக்கிறது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவை உள்ளவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள். ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால் 60 நாள். உடம்பு நோய்க்குத்தான் கொடுப்போம், மன நோய்க்குக் கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. டாக்டரிடம் எம்.சி. வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் நின்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆனால் கவனியுங்கள்: மருந்து வாங்க மட்டும் போனால் பல இடங்களில் எம்.சி. கிடைக்காது, வந்துபோன நேரம் எழுதிய சீட்டுத்தான் கிடைக்கும். அந்தச் சீட்டு எம்.சி. ஆகாது. அதற்கும் வழி உண்டு. மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கும் தொடர் மருந்தை, வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானிலேயே வாங்க அரசாங்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. அதன் பெயர் எஸ்.பி.யு.பி. மருந்து கொடுக்கும் முகப்பில் "எஸ்.பி.யு.பி. வேண்டும்" என்று கேளுங்கள். அக்கா இப்போது அப்படித்தான் வாங்குகிறார். கணவர் வேலை முடிந்து மோட்டாரில் போய் வாங்கி வந்துவிடுகிறார். கார்க் காசும் இல்லை, கூலி நட்டமும் இல்லை.

'மருந்து' என்ற சொல்

தோட்டத்தில் 'மருந்து' என்றால் களைக்கொல்லி. "மருந்தடிக்கப் போறேன்" என்போம். "மருந்து குடிச்சிட்டான்" என்று யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்று நம் குழந்தைக்குக்கூடத் தெரியும். எத்தனை வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம்! பாராகுவாட் விஷத்தை நம் நாடு 2020 சனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. நல்ல காரியம். ஆனாலும் உயிரை எடுக்கும் மருந்து தோட்டத்து ஸ்டோரில் பக்கத்திலேயே இருக்கிறது. உயிரைக் கொடுக்கும் மருந்து பதினைந்து மைலுக்கு அப்பால் இருக்கிறது. இதுதான் நம் குறை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. "போலீசு கேசாயிடும்" என்று பயந்து யாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம். ஒருவர் வாயிலிருந்து "செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று வந்தால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. பிரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும். ஆபத்து என்றால் 999.

நிர்வாகங்களுக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கிளினிக் நாளில் மாதம் ஒருமுறை தோட்டத்து வண்டியை விடலாம். நேரச் சீட்டுக் கொண்டு வருபவருக்கு அந்த நேரத்துக் கூலியைப் பிடிக்காமல் இருக்கலாம். பெரட்டில் ஒரு பெயருக்குப் பதில் வராதபோது, மண்டோர் பெயரை அடிப்பதற்கு முன் வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒப்பந்தம் பேசும் நேரத்தில் சங்கம் இதையும் பேசினால், தொழிலாளி வீடுகள் வாழ்த்தும்.

அக்கா மருந்து தொடங்கி பதினோரு மாதம் ஆகிறது. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் வருகிறது. டாக்டர் மெல்ல மருந்தைக் குறைக்கப் போகிறாராம்.

"அந்த மிஸ்ஸி அன்னைக்கு அடுத்த வீட்டுக்கு வராம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அதைத்தான் சார் நானும் நெனச்சுப் பாக்குறேன்" என்றார்.

எல்லா வீட்டு வாசலுக்கும் மிஸ்ஸி வரமாட்டார். அந்த இரண்டு கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். இன்று சாயந்திரமே உங்கள் லயத்தில் முகம் வாடியிருப்பவரிடம் போய்க் கேளுங்கள். ஒரு வெள்ளி வைத்தியம் இருக்கிறது என்று சொல்லுங்கள். நாளைக்கு யாரும் "முதலிலேயே சொல்லவில்லையே" என்று சொல்லும்படி ஆகக் கூடாது!