முற்றமும் புதுமனை அலங்காரமும்

வீட்டை அலங்கரித்தல் என்றதும் பலர் நினைவுக்கு வருவது கடையிற் பொருள் வாங்குதலே. கண்ணாடி அலுமாரி, மெத்தைக் கதிரைகள், கடதாசிப் பூக்கள், பட்டுத் திரைகள் எனப் பண்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருகின்றன. ஈற்றில் வீட்டிலுள்ளோர் நடமாட இடமின்றிப் போகின்றது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் பரவிய நவீன அகவலங்காரமோ இதற்கு மாறானது. வேண்டாதவற்றை நீக்குதலே அதன் முதற்பாடம்.

1919 இல் ஜேர்மனியின் வைமார் நகரில் தோன்றிய பௌஹவுஸ் கலைப்பள்ளி, கலையையும் கைத்தொழிலையும் இணைத்து, பயனுக்கு இசைந்த எளிய வடிவங்களை நாடியது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கத் தம்பதியரான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் ஆகியோர் வளைத்த ஒட்டுப்பலகையாற் கதிரைகள் சமைத்துப் புகழ்பெற்றனர். இந்திய அரசின் அழைப்பையேற்று அந்நாட்டைச் சுற்றிப்பார்த்த அவர்கள், 1958 இல் அளித்த அறிக்கையில் வியந்து போற்றிய பொருள் யாது? நீர் மொள்ளும் சாதாரணச் செம்பே! கைக்கு அடக்கம், ஊற்றுதற்கு இசைவு, சுமத்தற்குச் சமநிலை ஆகியவை யாவும் பல தலைமுறைகளின் பழக்கத்தால் அதில் அமைந்தன.

செம்புக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நோக்குக. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ்ந்து விறாந்தை. அதன் பின்னே அறைகள். முற்றத்துச் சூடான காற்று மேலெழ, நிழலிற் குளிர்ந்த காற்று அறைகளுள் அசையும். தடித்த சுண்ணாம்புக்கற் சுவர் வெயிலை எளிதில் உள்ளே விடாது. பனைமர வளையும் சிலாகையும் ஓட்டுக் கூரையைத் தாங்கும். மிளகாய் காய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் அம்முற்றத்திலேயே. பயனற்ற மூலை அவ்வீட்டில் அரிது.

இவ்வுண்மையை இலங்கையின் நவீன கட்டடக் கலைஞரும் உணர்ந்திருந்தனர். கண்டியிற் கருணாரத்ன இல்லத்தை அமைத்த மினெற் டி சில்வா, தும்பறைப் பாய் நெசவை அதன் கதவுகளிற் பொருத்தினார். 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் ஈனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு பெரியதொரு நடுமுற்றத்தைச் சூழ்ந்து அமைந்தது. நெருக்கமான நகரத்திலும் முற்றத்தைக் கைவிடாமை அன்று புதுமையாகவே போற்றப்பட்டது.

குடாநாட்டிலோ முற்றம் அருகி வருகின்றது. 1950 இல் நிறுவப்பெற்ற காங்கேசன்துறைத் தொழிற்சாலை இம்மண்ணின் சுண்ணக்கல்லிலிருந்தே சீமெந்து தந்தது. 1990 இற் போரினால் அது நின்றது. சீமெந்து குறைகூறத்தக்க பொருளன்று. நன்கு மினுக்கிய சீமெந்துத் தரை காலுக்குக் குளிர்ச்சி, கண்ணுக்கு அழகு. ஆனால் தட்டையான கொங்கிறீற்றுக் கூரை பகலில் உண்ட வெப்பத்தை இரவில் அறைக்குள் உமிழும். 2009 இற் போர் முடிந்தபின் எழுந்த வீடுகள் பலவற்றில் முற்றமே இல்லை. பழைய வீட்டைத் திருத்துவோரிற் சிலரும் முற்றத்தைக் கூரையிட்டு மண்டபமாக்குகின்றனர். காற்று வந்த வழியை அடைத்துவிட்டு, அதே காற்றை மின்சாரத்தால் விலைக்கு வாங்க நேர்கின்றது.

நவீன அலங்காரத்தை விரும்புவோர் முதலில் முற்றத்தைக் காத்தல் வேண்டும். புதுவீடாயின், சிறியதாயினும் வானம் தெரியும் இடமொன்று விடுக. சோளகக் காற்று நுழையும் பக்கத்தில் யன்னல் அமைக்க. சுவர் வெண்மையாயிருக்கட்டும், ஒரு சுவருக்கு மட்டும் காவி அல்லது கடுகு மஞ்சள் நிறம் போதும். தாழ்ந்த, மெல்லிய கால்களையுடைய மரக் கதிரைகள் தரையை மறையா. அறை விரிந்து தோன்றும். பாட்டனாரின் சாய்மனைக் கதிரையைப் பிரம்பு புதுக்கி விறாந்தையில் இடுக. சாயமூட்டிய பனையோலைப் பாய் சுவரில் ஓவியமாகும். கடகம் புத்தகங்களைத் தாங்கும். இப்பொருள்களை வாங்குவதால் ஓலை பின்னும் பெண்களின் கைத்தொழிலும் பிழைக்கும்.

பொருளை எங்கே வைப்பது என்பதைப்போலவே, எங்கே ஒன்றும் வையாது விடுவது என்பதும் அலங்காரமே. அவ்வெற்றிடத்துக்கு யாழ்ப்பாணத்தார் முற்றம் என்று பெயரிட்டனர்.