முடி உதிர்வும் உற்ற துணையும்

தலையில் நாணயம் போன்று வட்டமாக முடி உதிர்ந்து, அவ்விடம் வழவழப்பாகக் காணப்படும் நோயை மக்கள் 'புழுவெட்டு' என்பர். இப்பெயரே பெருந்தீங்கு விளைக்கிறது. இந்நோயில் புழுவும் இல்லை, தொற்றும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் முடியின் வேர்ப்பைகளைப் பகையெனக் கொண்டு தாக்குவதே இதன் காரணம். வேர்ப்பைகள் அழிவதில்லையாதலின் முடி மீண்டும் முளைக்கலாம், மறுபடியும் உதிரலாம். செதிலும் அரிப்பும் காணின் அது படர்தாமரையாகலாம். அதுவோ தொற்றுவது, உடனே மருத்துவரிடம் அனுப்புக.

இந்நோயாளர் பலர் வெளியே வரவே நாணுகின்றனர். இவர்களுக்கு மருந்தோடு, அதே நிலையில் வாழ்பவரின் நட்பும் வேண்டும். அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசிய அமைப்பு 1981-இல் தோன்றியது. திருவனந்தபுரத்தில் அத்தகையோரை எங்ஙனம் தேடுவது? 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் தோல் நோய்ப் பிரிவை அணுகலாம். 1998 முதல் இயங்கும் குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களும் உதவும். நூற்றுவருள் ஏறத்தாழ இருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாவர். பத்து இருபது பெண்கள் கொண்ட ஒரு கூட்டத்தில் எவரும் இல்லாதிருக்கலாம். வார்டின் எல்லாக் கூட்டங்களிலும் வினவின், நோயை அறிந்த ஒருவரேனும் கிடைப்பது அரிதன்று. ஆயினும் இருவரின் இசைவும் பெறாமல் ஒருவர் பெயரை மற்றவரிடம் வெளியிடலாகாது.

பள்ளியில் அத்தகைய மாணவி தலையை மூடிவர விரும்பின் ஆசிரியர் தடுத்தலாகாது. பிறர் காண அதனை அகற்றச் சொல்லுதல் கொடுமையே.